ஆறுதலாய் ஓடுங்கோ

மே 3

வந்து இறங்கிவிட்டேன்! எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கிறது, இருக்கட்டும். கை இன்னும் பரபரவென்றுதான் இருக்கிறது.

விமானம் தாழ இறங்கும்போது பார்த்தால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நிலம். கோடெல்லாம் தண்ணீர்! பக்கத்து சீட்டுக்காரரை முழங்கையால் இடித்து "பாருங்க சார், பாருங்க" என்றேன். பாவம், தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர். எழுந்து பார்த்துவிட்டு, தன் ஊரைத்தான் காட்டுகிறேன் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

சுடர்விழி அழைத்துப்போக வந்திருந்தாள். மகள் இளைக்கவில்லை, சந்தோஷம். பால் கறக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை. அவள் குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். கரையின் உச்சியில் பஸ் போகிறது. வலது பக்கம் கால்வாயில் படகு. இடது பக்கம் பள்ளத்தில் வீடுகள். படகுக்காரன் காலும் வீட்டுக் கூரையும் ஒரே மட்டம்!

"ஏத்தா, தண்ணி மேல இருக்கு, வீடு கீழ இருக்கு!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உடற்கல்வி ஆசிரியையின் தொண்டை, மைதானத்துக்கென்று வளர்ந்தது.

"கத்தாதம்மா. கடல் மட்டத்துக்கு ரெண்டு ஆள் பள்ளத்துல இருக்கோம். நூத்துக்கணக்கான வருஷமா இப்படித்தான் இருக்காங்க."

"வேற இடமே கெடைக்கலையா இவுங்களுக்கு?"

சுடருக்கு மாடி. கீழே வீட்டுக்காரர், பெயர் யோகராசா. யாழ்ப்பாணத்து ஊர்காவற்துறைக்காரர், சண்டைக் காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வாசலிலேயே சைக்கிள் கடை. மாடிப்படியா அது, ஏணி! என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறியவர் திரும்பி, "ஆறுதலா வாங்கோ டீச்சர், ஆறுதலா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சுடரின் அப்பா போய்ப் பதினாலு வருஷமாகிறது. இந்த மனிதர் படிக்கட்டில் நின்றா ஆறுதல் சொல்வது? சரி, அவர்கள் ஊர் வழக்கமாக இருக்கும் என்று, "பரவால்லீங்க சார், மனசு தேறிருச்சு" என்றேன். அவர் ஒரு கணம் விழித்தார். "அப்ப நல்லது" என்று ஏறிப்போனார்.

அந்த வார்த்தையே எனக்கு ஆகாது. அன்றைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, என் டிராக் சூட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். "இனிமே எதுக்கு வள்ளிக்கண்ணு இந்த ஓட்டமும் சாட்டமும்?" என்று கேட்டது சின்ன மாமியார். காரியம் முடிந்த மறுநாளே மைதானத்துக்குப் போய் விசில் ஊதினேன்.

மே 4

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். இங்கே என்னடாவென்றால் வருகிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்! ஊர்க்கோடியில் அதற்கென்றே ஒரு கட்டடம். உள்ளே உர்ரென்று சத்தம். வயலிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து ஆற்றுக்கு, அப்படியே கடலுக்கு.

"இம்புட்டுத் தண்ணியவும் கொட்டுறீங்களே, புதுக்கோட்டைக்கு ஒரு குழாய் போட்டு விட்டா என்ன?" என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"ஓம், போடலாம். குழாயின்ரை மற்றப் பக்கத்தை நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. மாடிக்கு வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, அதுவும் நிற்காமல்.

மே 6

சைக்கிள்! சிவப்பு லேடீஸ் சைக்கிள், எனக்கே எனக்கு, இருக்கிறவரைக்கும்! சீட்டை என் உயரத்துக்கு இறக்கி, மணி மாற்றி, காலையிலேயே வைத்திருந்தார். பின் மட்கார்டில் ஏதோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். "காயட்டும், தொடாதேங்கோ" என்றார்.

"எங்க ஊர் அறிவொளிக் காலத்துல பொம்பளைகளுக்குச் சைக்கிள் சொல்லிக் குடுத்தவ நான். எனக்கேவா?" என்று ஜம்பமாக ஏறினேன். இந்த ஊர் சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் என்று யாராவது சொல்ல வேண்டாமா? நான் வழக்கம்போல ஒரு சுற்றுப் பின்னால் மிதிக்க, வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு.

ஆனால் அதற்குப் பிறகு பறந்தேன். ஒரு மேடில்லை, பள்ளமில்லை. இரண்டு பக்கமும் வெள்ளைப் பூ, அதற்கப்புறம் ஓடை, அதற்கப்புறம் மாடு, அதற்கப்புறம் வானம்தான். எதிர்க்காற்றில் கண்ணில் நீர் வந்தது. காற்றினால்தான். சுடர் பின்னாலிருந்து "அம்மா, மெதுவா!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

மே 9

என் மானம் போன நாள். மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிறு இல்லாவிட்டாலும் யோகராசா சார் கடையைச் சாத்திவிட்டு, எங்கள் இருவரையும் மாட்டுப் பண்ணைக்கு அழைத்துப்போனார். சுடர் பண்ணைக்காரரோடு இயந்திரம் பற்றிப் பேசப் போய்விட்டாள். எதிரே பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை, சீராக வெட்டின மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கன்றுக்குட்டி. கிட்டப்போய்ப் பார்க்கலாமென்று நடந்தேன்.

பின்னாலிருந்து அவர், "டீச்சர்! தாண்டு போவியள்! தாண்டு போவியள்!" என்று கத்தினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் நடையைப் பார்த்தே, இந்த அம்மாள் எதையும் தாண்டிப் போய்விடுவாள் என்று கண்டுபிடித்துவிட்டாரே! "தாண்டிருவேன் சார்!" என்று திரும்பிக் கையை ஆட்டிவிட்டு அடுத்த அடியை வைத்தேன்.

அது புல் இல்லை. தண்ணீரின் மேல் படர்ந்த பாசி. கடுகுக் கடுகாய் இலை, ஓடை முழுக்க மூடியிருக்கிறது. இடுப்பு வரைக்கும் போய்விட்டேன். செருப்பு ஒன்று சேற்றுக்கே சொந்தமாகிவிட்டது. அவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டி இழுத்துப் போட்டார். இடுப்பிலிருந்து கால் வரை பச்சை. கன்றுக்குட்டி என்னைப் பார்த்துப் பயந்து ஓடியது.

சுடர் வந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அம்மா, அவுங்க பேச்சுல தாண்டு போறதுன்னா முங்கிப் போறது. நீ முங்கிருவேன்னு சொல்லிருக்காரு. நீயும் ஆமா, முங்கிருவேன்னு பதில் சொல்லிட்டு முங்கிருக்கே!"

அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டப் போய், தட்டாமல் கையை இழுத்துக்கொண்டார்.

மே 10

தும்மல். கீழிருந்து கொத்தமல்லி அவித்த தண்ணீர் வந்தது, செம்பில். புதுச் செருப்பும் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. எப்படித் தெரிந்ததோ.

மே 13

இன்று சேர்ந்து சமைத்தோம். அவர் கத்தரிக்காயைப் பொரித்துவிட்டுக் குழம்பு வைக்கிறார், தேங்காய்ப்பால் விட்டு. நான் உப்புக்கண்டம் கொண்டு வந்திருந்தேன், வறுத்தேன். "இதைத் திண்டு எத்தனை வருசம்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். நடுவில் எனக்குப் புரையேறியது. "ஆறுதல், ஆறுதல்" என்று தண்ணீரை நகர்த்தினார். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். செத்துப்போனவரை நினைவுபடுத்திக்கொண்டு அதற்கும் ஓர் ஆறுதலா? தங்கமான மனிதர், இந்த ஒரு பழக்கம்தான் பிடிக்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது சுடர் பட்டென்று கேட்டாள்.

"அம்மா, அங்கிளை ஒனக்குப் புடிச்சிருக்கா?"

"ஏன்டி, பல்லை ஒடச்சிருவேன்."

"புடிச்சிருந்தா சொல்லு. எனக்குச் சந்தோஷந்தான். ஒன்னைய இத்தன நாளா கோச்சாத்தான் பாத்திருக்கேன். இப்பத்தான் ஆளாப் பாக்குறேன்."

பேச்சைப் பார், பேச்சை! ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருபத்து நாலாம் தேதிக்கு இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் கோ-கோ அணி எடுக்க வேண்டும். இந்த வயதில் பிடிக்கிறதாம், பிடிக்கவில்லையாம்.

நாளைக்கு அந்த மஞ்சள் சுடிதாரைத் தேய்த்து வைக்க வேண்டும். சும்மாதான்.

மே 15

சாயங்காலம் கரைமேல் நடந்தோம், அவரும் நானும். சுடருக்குத் தலைவலியாம். நம்பிவிட்டேன், எழுதி வைக்கிறேன். எட்டு மணிக்கும் பகல்போல வெயில். கரைச் சரிவில் ஆடுகள். அவை மிதிக்க மிதிக்கக் கரை இறுகுமாம், அதற்காகவே விட்டிருக்கிறார்களாம். ஆட்டுக்குக்கூட இங்கே அரசாங்க வேலை என்றேன். சிரித்தார்.

அவர் மனைவி பிரிந்து கனடா போய்விட்டாராம், வெகு காலமாகிறது. "அவ அங்கை சந்தோசமா இருக்கிறா. நானும் சந்தோசமாத்தான் இருக்கிறன். ஆனா இப்பதான்" என்றார். பிறகு நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

"டீச்சர், நீங்கள் இஞ்சை நில்லுங்கோவன்."

"நின்னுக்கிட்டுத்தானே சார் இருக்கேன்."

"அப்பிடி இல்லை. எங்கடை ஊரிலை நிக்கிறதெண்டா இருக்கிறது, தங்கிறது. இஞ்சை இருங்கோவன். என்னோடை."

எனக்குள் ஓட்டப் பந்தயத் துப்பாக்கி வெடித்தது. பொய் சொல்லிப் பயனில்லை, இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன்: சந்தோஷம்! கால் ஓடத் தயாராக இருந்தது. ஆம் என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போது அவர் சொன்னார்.

"உடனை வேண்டாம். ஆறுதலா யோசிச்சு, ஆறுதலாச் சொல்லுங்கோ."

எல்லாம் அணைந்துவிட்டது. அப்படியென்றால் அதுதானா? முதல் நாள் படிக்கட்டிலிருந்து இதுதானா? புருஷன் இல்லாதவள், பாவம், அவளுக்கு ஓர் ஆறுதல். மனைவி விட்டுப்போனவர், பாவம், அவருக்கும் ஓர் ஆறுதல்.

"சார், எனக்கு யார் ஆறுதலும் வேணாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது! மலர்ந்ததே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அப்ப கெதியாச் சொல்லுங்கோ!" என்றார்.

"கெதியா? எனக்கென்ன சார் கெதி கெட்டுப் போச்சு? கெதியத்துப் போயா ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன்?"

விறுவிறுவென்று வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டத்தில் என்னைப் பிடிக்க அவரால் முடியாது.

மே 16

துணி துவைத்தேன்.

மே 17

கீழே போகவில்லை. ஜன்னலை மூடி வைத்திருக்கிறேன், பறவைகள் ஓயாமல் கத்துகின்றன.

சுடர் என்ன நடந்தது என்று துருவினாள். சொல்லவில்லை. "அங்கிள் ரெண்டு நாளா கடையில ஒரே டியூபுக்கு ஒட்டுப் போட்டுட்டே இருக்காரும்மா" என்றாள். போடட்டும்.

அவர், சுடரின் அப்பா, நல்ல மனிதர். கல்யாணமான புதிதில் எனக்கு ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தந்தார். ஊரில் எந்த மாப்பிள்ளை வாங்கித் தருவார்? அவரோடு இருந்தது ஆறுதலுக்காக இல்லை, ஆசைக்காக. இன்னொருவரோடு இருப்பதானாலும் ஆசைக்காகத்தான் இருப்பேன். பரிதாபத்துக்கு இருக்க மாட்டேன். தனியாக இருப்பதில் எனக்கொன்றும் குறைச்சலில்லை.

குறைச்சலில்லை என்று எழுதிவிட்டு அரை மணியாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 19

நான் ஒரு முட்டாள்! முட்டாள், முட்டாள், வடிகட்டின முட்டாள்!

கோபம் தீரச் சைக்கிளை எடுத்துக்கொண்டு காற்றாலை வரைக்கும் போனேன். சுடரும் கூட வந்தாள். வழியில் பின் டயர் காற்று இறங்கிவிட்டது. வண்டியைச் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில், உருண்டை உருண்டையான யாழ்ப்பாணக் கையெழுத்தில்:

ஆறுதலாய் ஓடுங்கோ.

பக்கத்தில் ஒரு நத்தை. இரண்டு கொம்போடு.

இரண்டு வாரமாக இதன் மேலேயே உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன்! முதலில் பற்றிக்கொண்டு வந்தது. சைக்கிளிலுமா ஆறுதல்? அப்புறம் அந்த நத்தையைப் பார்த்தேன். ஆறுதலுக்கும் நத்தைக்கும் என்ன சம்பந்தம்?

"ஏத்தா, இது என்ன?"

"மெதுவா ஓட்டுங்கன்னு அர்த்தம். அவுங்க பேச்சுல ஆறுதலான்னா மெதுவா, அவசரப்படாம. நீ எல்லாத்துக்கும் பறக்குற ஆளுன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதிருக்காரு. ஏம்மா, என்னாச்சு? ஏன் வரப்புல உக்காந்துட்டே?"

"கெதியான்னா?"

"சீக்கிரம்னு."

படிக்கட்டு: மெதுவாக வாங்க. நான்: மனசு தேறிவிட்டது. புரையேறியபோது: மெதுவாகச் சாப்பிடுங்க. கரைமேல்: அவசரமில்லை, நிதானமாக யோசித்துச் சொல்லுங்க. நான்: நிதானமெல்லாம் வேண்டாம். அவர் முகம் மலர்ந்து: அப்படியென்றால் உடனே சொல்லுங்க! அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் கெதி கெட்டவளா என்று கேட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் சுடரிடம் சொல்லிவிட்டேன். அவள் வரப்பில் உருண்டு சிரித்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். நானும்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால் கடை பூட்டியிருக்கிறது! நாளை ஊர்த் திருவிழாவாம். பந்தல் போட, கயிறு கட்ட எல்லோரும் மைதானத்தில். "போன் பண்ணவா?" என்றாள் சுடர். வேண்டாம் என்றேன். இதைப் போனில் சொல்கிற ஆளா நான்? மஞ்சள் சுடிதார் வேண்டாம். டிராக் சூட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 20

தலை இன்னும் ஈரம். துவட்டக்கூட இல்லை, எழுதிவிட்டுத் துவட்டுகிறேன்.

இந்த ஊர்த் திருவிழாவில் கோலூன்றி ஓடை தாண்டும் போட்டி! ஓடைக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று பாலம் போட முடியுமா? அதனால் அந்தக் காலத்தில் குடியானவர்கள் கையில் கோலோடுதான் போவார்களாம், ஊன்றித் தாண்டித் தாண்டி. இன்றைக்கு அது விளையாட்டு. ஓடை நடுவில் நெட்டுக்குத்தலாக ஒரு கோல் நிற்கிறது. ஓடி வந்து, பாய்ந்து பிடித்து, ஏறி, அது சாய்கிற வேகத்தில் அக்கரையில் குதிக்க வேண்டும். வெளியூர்க்காரர்களும் கலந்துகொள்ளலாம்.

வள்ளிக்கண்ணு சும்மா இருப்பாளா? மாவட்ட அளவில் நீளம் தாண்டியவள். பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்கரையில் தாண்டி வருகிறவர்களைக் கைகொடுத்து ஏற்றிவிட நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவர் யோகராசா சார். இஸ்திரி போட்ட சட்டை, கருப்பு ஷூ. என்னைப் பார்த்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்.

ஓட ஆரம்பிக்கும் இடத்தில் நின்றேன். கழுத்தில் விசில். ஊதினேன். ஊரே திரும்பியது.

"சார்! நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்! ஒங்க ஆறுதல் வேற, எங்க ஆறுதல் வேற!"

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "என்ன? என்ன சொல்லுறியள்?"

"சைக்கிள்ல நத்தையப் பாத்துட்டேன்!"

அவருக்கு ஒவ்வொன்றாக விளங்குவதை இக்கரையிலிருந்தே பார்த்தேன். படிக்கட்டு, புரை, கரைமேல் சாயங்காலம். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கத்தினார். "சரி, சரி, ஆறுதலா வாங்கோ டீச்சர்! பாஞ்சு வராதேங்கோ! ஆறுதலா!"

"அதெல்லாம் முடியாது! இருக்குற வயசுக்குக் கெதியாத்தான் வரணும்!"

ஓடினேன். அப்படி ஓடி எத்தனை வருஷம்! காலுக்குக் கீழே பலகை தடதடத்தது, பாய்ந்தேன், கோலைப் பிடித்துவிட்டேன், கூட்டம் ஓவென்றது, ஏறினேன், கோல் சாய்ந்தது, அக்கரை என்னை நோக்கி வந்தது, அவரும் வந்தார், எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒரு முழம் குறைந்துவிட்டது.

தொப்பென்று விழுந்தேன். மார்பு மட்டம் தண்ணீர், உடம்பெல்லாம் பச்சை.

"கெதியா வாங்க சார்!" என்றேன்.

ஆறுதல் ஆறுதல் என்று பதினேழு நாளாக ஓதிய மனிதர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. இஸ்திரிச் சட்டையோடு அப்படியே குதித்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் தலையில் இருந்த பாசியை இந்தத் தடவை தட்டிவிட்டார்.

கரையிலிருந்து சுடர் கத்தினாள். "அம்மா! தாண்டினியா, தாண்டு போனியா?"

"ரெண்டுந்தான்டி!"

அவர் என்னைக் கரைப்பக்கம் இழுத்தார். நான் அசையவில்லை.

"நான் இங்கயே நிக்கிறேன்" என்றேன்.

"தண்ணிக்குள்ளை நிக்காதேங்கோ டீச்சர், பிறகு தும்மலும் தடிமனும் வந்திடும். வெளியாலை வாங்கோ."

"ஊருக்குப் போயி விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறேன். இப்ப நான் சொன்னது ஒங்க தமிழ் சார், எங்க தமிழ் இல்ல."